சான்றைக் காட்டும் கடமை: வெளியான ஆய்வுகளின் வெளிப்படைத்தன்மையை மதிப்பிடுதல்

1. முன்னுரை

செபராங் ஜெயாவிலிருந்து சிறிது தொலைவில், புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில், செரோக் தோக்குன் எழுத்துப் பாறை இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியில் ஆங்கிலேய அலுவலராகப் பணியாற்றிய ஜேம்ஸ் லோ என்பவர் அதனைப் படியெடுத்து அறிஞர் பார்வைக்கு அனுப்பினார். அவரே 1834ஆம் ஆண்டு செபராங் பிறையில் கண்டெடுத்த மற்றொரு கல், புத்தகுப்தன் கல்வெட்டு எனப் பெயர் பெற்று, இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. பல்லவ எழுத்தில் வடமொழியில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, இரக்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற கடலோடியைக் குறிப்பிடுகின்றது. 'செம்மண்' என்று பொருள்படும் அவ்வூர் வங்காளத்தில் இருந்தது என்பார் ஒரு சாரார். மலாய்த் தீவக்குறையிலேயே இருந்தது என்பார் மற்றொரு சாரார்.

இவ்விரு சாராரும் இன்றளவும் வாதிட முடிவது எதனால் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல் இருக்கின்றது, அதன் படி அச்சாகியுள்ளது, வாசிப்பு அச்சாகியுள்ளது. ஆகவே முதலில் வாசித்தவர் மறைந்த பின்னரும், அவருடைய வாசிப்பை எவரும் கல்லோடு ஒப்பிட்டு ஏற்கலாம், மறுக்கலாம். லோ கல்லைக் கண்டதாக மட்டும் எழுதிவிட்டு, தம் முடிவை மட்டும் அச்சிட்டிருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது அவர் கருத்து ஒன்றே. சான்று கிடைத்திராது.

கருத்தை வெளியிடுவது வேறு. சான்றை வெளியிடுவது வேறு. இவ்வேறுபாட்டை அளந்தறியும் முறைகளே இக்கட்டுரையின் பொருள். ஓர் ஆய்வு அச்சில் வந்துவிட்டது என்பதனாலேயே அதனை மாணவர்க்கு மேற்கோளாகக் காட்டலாமா? எவற்றைக் கண்டால் நம்பலாம்? எவை இல்லையெனில் தயங்க வேண்டும்? ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வினாக்களைத் தாமே எழுப்பி விடை காணத்தக்க வகையில் செய்திகளை முன்வைக்க முயல்கின்றோம்.

2. வெளிப்படைத்தன்மை என்பது யாது?

ஓர் ஆய்வில் நான்கு அடுக்குகள் உள. முதலாவது தரவு: பேசுவோரிடம் திரட்டிய சொற்கள், ஒலிப்பதிவுகள், கல்வெட்டு வரிகள், தேர்வு மதிப்பெண்கள் முதலியன. இரண்டாவது கருவி: கேட்ட வினாக்கள், காட்டிய படங்கள், சொற்பட்டியல்கள். மூன்றாவது வழிமுறை: யாரை, எங்கு, எப்போது, எவ்வாறு அணுகினர் என்பது. நான்காவது பகுப்பாய்வு: தரவிலிருந்து முடிவுக்குச் சென்ற வழி, கணினி பயன்பட்டிருப்பின் அதற்கு இட்ட கட்டளைகள். இந்நான்கனையும் பிறர் கண்டு சரிபார்க்குமாறு வைப்பதே வெளிப்படைத்தன்மை. இவற்றோடு ஆய்வுக் கட்டுரையையும் கட்டணமின்றி எவரும் படிக்குமாறு வைக்கும் முழு நெறியைத் திறந்த அறிவியல் என்பர்.

இங்கு இரு கலைச்சொற்களைப் பிரித்தறிதல் நலம். ஒருவர் பயன்படுத்திய அதே தரவை, அவர் கூறிய அதே முறையில் மீண்டும் கணித்து, அதே விடையைப் பெறுதல் மறுபெறுதல் ஆகும். புதிய மக்களிடம் புதிய தரவைத் திரட்டி, அதே ஆய்வை மீண்டும் நிகழ்த்துதல் மறுசெய்தல் ஆகும். முன்னது கணக்கைச் சரிபார்க்கின்றது. பின்னது கருத்தையே சோதிக்கின்றது. தரவு கிடைக்காவிடில் முன்னது இயலாது. வழிமுறை தெளிவாக எழுதப்படாவிடில் பின்னது இயலாது.

இந்நெறியை மேலைநாட்டார் புதிதாகக் கண்டதாகக் கருத வேண்டியதில்லை. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏட்டுச்சுவடிகளையும் அவற்றை உதவியவர்களையும் பதிப்பின் முகப்பில் குறிப்பதும், பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டுவதும் அவர் பதிப்பு நெறியின் கூறுகள். ஒரு பாடத்தைத் தாம் தெரிந்தெடுத்தபோது, தாம் விலக்கிய பாடத்தையும் படிப்பவர் கண்முன் வைத்தார். விலக்கியதையும் காட்டுதல் என்னும் இவ்வொரு பண்பே இன்றைய திறந்த அறிவியலின் உயிர்நாடி. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இவ்வழியில் நிற்பது. ஒவ்வொரு சொல் தொகுதிக்கும் எண் உண்டு. எம்மொழியில் எவ்வடிவம் என்பது வரிசையாக உண்டு. ஆகவேதான் ஒரு தொகுதியில் ஒரு சொல் சேர்ந்தது தவறு என்று கருதுபவர், அவ்வெண்ணைச் சுட்டி மறுக்க முடிகின்றது.

3. இவ்வினா இன்று ஏன் எழுந்தது?

2015ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரும் கூட்டாய்வு, உளவியல் இதழ்களில் முன்னரே வெளிவந்த 100 ஆய்வுகளை மறுசெய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் அடிப்படையில் குறிப்பிடத்தக்க முடிவைக் கண்டிருந்தன. மறுசெய்தபோது 36 விழுக்காட்டில்தான் அத்தகைய முடிவு கிட்டியது. மூல ஆய்வாளர் பொய்யுரைத்தனர் என்பது இதன் பொருளன்று. சிறிய மாதிரி, வாய்ப்பான முடிவை மட்டும் வெளியிடும் வழக்கம், தரவைப் பார்த்த பின் கருதுகோளை மாற்றிக்கொள்ளுதல் ஆகியவை யாவும் சேர்ந்து, தற்செயலாக நேர்ந்ததை உண்மைபோல் தோன்றச் செய்யும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

மொழியியலின் நிலை என்ன? 2008-09, 2018-19 ஆகிய இரு காலப்பகுதிகளில் மொழியியல் இதழ்களில் வந்த கட்டுரைகளுள் 600ஐக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து ஆராய்ந்த ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. அக்கட்டுரைகளில் 35 விழுக்காடு கட்டணமின்றிப் படிக்கக் கிடைத்தன. ஆய்வுக் கருவிகளையும் தரவையும் செயல்முறையையும் பகிர்ந்தவை 10 விழுக்காட்டிற்கும் குறைவு. முன் ஆய்வை மறுசெய்தவை 1 விழுக்காடு. நலன் முரண் குறித்து அறிவித்தவை 10 விழுக்காடு. கருதுகோளையும் முறையையும் தரவு திரட்டுமுன் பதிவு செய்ததாக ஒரு கட்டுரையும் கூறவில்லை. இதனினும் கருதத்தக்கது, பத்தாண்டு இடைவெளியில் இவ்வளவுகள் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்பதாகும். நம் துறையில் வெளியாகும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை நாம் ஆசிரியர் சொல்லை நம்பியே படிக்கின்றோம் என்பது இதனால் விளங்கும்.

'தரவு வேண்டுவோர் கேட்டால் தரப்படும்' என்னும் ஒரு வாக்கியம் பல கட்டுரைகளின் இறுதியில் காணப்படும். அதன் மதிப்பையும் அளந்துள்ளனர். மருத்துவ, உயிரியல் இதழ்களில் இவ்வாறு உறுதியளித்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டபோது, தரவைத் தந்தவர் 122 பேர், அதாவது 6.8 விழுக்காட்டினர். ஆகவே அவ்வாக்கியத்தை வெளிப்படைத்தன்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

இந்நிலை மாற்ற முடியாததும் அன்று. உளவியல் இதழ் ஒன்று 2014இல், தரவைத் திறந்து வைக்கும் கட்டுரைகளின் முகப்பில் ஒரு சிறு முத்திரையைப் பதிக்கத் தொடங்கியது. அதற்கு முன் அவ்விதழில் திறந்த தரவு உள்ளதாக அறிவித்த கட்டுரைகள் 3 விழுக்காட்டிற்கும் குறைவு. 2015இன் முற்பாதியில் அது 39 விழுக்காடாயிற்று. பணமும் சட்டமும் இன்றி, நற்செயலைப் பலரறியச் சுட்டிய அளவிலேயே வழக்கம் மாறியது. வகுப்பறையில் மதிப்பெண் இடும் ஆசிரியர் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி இது.

4. நம் மொழியைச் சார்ந்த மூன்று ஆய்வுகள்

பொதுவில் கூறியவற்றை நமக்கு அணுக்கமான எடுத்துக்காட்டுகளில் பொருத்திக் காண்போம்.

முதலாவது, திராவிட மொழிக்குடும்பத்தின் வயது. விஷ்ணுப்பிரியா கோலிப்பாக்கமும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் 'ராயல் சொசைட்டி ஓப்பன் சயன்ஸ்' என்னும் திறந்த இதழில் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். இருபது திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களைத் தாய்மொழியாளரிடம் நேரில் திரட்டி, எச்சொல் எச்சொல்லோடு ஒரே மூலத்தது என வகைப்படுத்தி, புள்ளியியல் முறையால் குடும்ப மரத்தை வரைந்தனர். குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4500 ஆண்டுகள் என மதிப்பிட்டனர்.

இவ்வெண் நம்மிடையே 'தமிழின் வயது 4500' என்று திரிந்து வழங்கக் கேட்கின்றோம். கட்டுரையைத் திறந்து படிப்பவர் மூன்று செய்திகளைக் காண்பர். ஒன்று, அது தமிழின் வயதன்று. தமிழ், தெலுங்கு, கோண்டி, குடுக், பிராகூயி முதலியன யாவும் பிரியத் தொடங்குமுன் இருந்த மூல மொழியின் காலம். இரண்டு, 4500 என்பது நடு மதிப்பீடு. ஆய்வாளர் தரும் எல்லை ஏறத்தாழ 3000 முதல் 6500 ஆண்டு வரை விரிந்தது. மூன்று, பெருங்கிளைகள் ஒன்றோடொன்று எவ்வாறு உறவுடையன என்பதில் தெளிவின்மை மிகுதி என்று ஆய்வாளரே எழுதியுள்ளனர். இம்மூன்றும் நமக்குத் தெரிய வருவதற்குக் காரணம், கட்டுரை கட்டணமின்றிக் கிடைப்பதும் அதன் தரவு வெளியிடப்பட்டிருப்பதும் ஆகும். ஒரு மொழியியல் மாணவர் அச்சொற்பட்டியலைத் தாமே எடுத்து, 'இச்சொல் கடன்சொல்லாயிற்றே, இதனை ஒரே மூலத்ததாகக் கொண்டது சரியா?' என்று வினவலாம். அவ்வினாவிற்கு இடம் தருவதே அவ்வாய்வின் பெருமை.

இரண்டாவது, சிந்துவெளிக் குறிகள். ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துத் தொகுப்பு, 417 குறிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு குறியும் எந்தெந்தப் பொறிப்பில் எவ்விடத்தில் வருகின்றது என்பதைக் கணினியின் துணையுடன் அடைவுபடுத்தியது. அக்குறிகள் ஒரு தொல்திராவிட மொழியைச் சுட்டுவன என்பது அவர் கருத்து. ஆயினும் அத்தொகுப்பு, அக்கருத்தை ஏற்பவருக்கும் மறுப்பவருக்கும் ஒருங்கே பயன்படும் வகையில் அமைந்தது. 2004இல் பார்மர், இசுப்ரோட், விட்செல் ஆகிய மூவர் அவை எழுத்தே அல்ல என்று வாதிட்டனர். 2009இல் இராஜேஷ் ராவும் உடன் ஆய்வாளர்களும், அவருள் மகாதேவனும் ஒருவர், 'சயன்ஸ்' இதழில் அக்குறி வரிசையின் ஒழுங்கை அளந்தனர். அது பழந்தமிழ், வேதகால வடமொழி, சுமேரியம், ஆங்கிலம் ஆகிய மொழிகளின் ஒழுங்கை ஒத்துள்ளது என்றனர். இசுப்ரோட் அதனை மறுத்தார். ஒப்பீட்டிற்காக அமைத்துக்கொண்ட செயற்கைத் தரவு உண்மை உலகில் இல்லாத ஒன்று என்றும், மொழியல்லாத குறிமுறைகளும் அதே அளவு ஒழுங்கைக் காட்டக்கூடும் என்றும் கூறினார். பின்னர்ப் பல குறிமுறைகளின் தரவைத் திரட்டி 2014இல் விரிவாக எழுதினார். அதற்கும் மறுமொழி வந்தது.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது இங்கு நம் நோக்கமன்று. வழக்கு நடைபெறும் முறையே கருதத்தக்கது. இரு தரப்பினரும் ஒரே தரவை முன்வைத்து, 'இங்கே இந்த ஒப்பீடு பொருந்தாது' என்று இடம் சுட்டி வாதிடுகின்றனர். 2018இல் மறைந்த மகாதேவன் விட்டுச் சென்ற தொகுப்பு, அவர் கருத்துகள் நிலைப்பினும் மாறினும் தான் நிலைத்து நிற்கும்.

மூன்றாவது, கீழடி. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில், ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டமையும், அவற்றுள் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் பொ.மு. 580 எனக் கணிக்கப்பட்டமையும் குறிக்கப்பட்டன. ஆய்வகத்தின் பெயர், மாதிரிகளின் எண்ணிக்கை, ஆழம் ஆகியவற்றை அச்சிட்டமை வெளிப்படைத்தன்மையின் பாற்பட்டது. இனிப் படிப்பவர் எழுப்ப வேண்டிய வினா ஒன்றுண்டு: கரித்துண்டின் காலம் அறிவியல் முறையில் பெறப்பட்டது, எழுத்துப் பொறித்த பானையோட்டின் காலம், அது கரித்துண்டோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்தமையால் உய்த்துணரப்படுவது. எனவே அடுக்குகளின் வரைபடமும், ஒவ்வொரு பொருளும் கிடைத்த இடக்குறிப்பும் எவ்வளவு விரிவாக வெளிவருகின்றனவோ அவ்வளவிற்கு அம்முடிவு வலுப்பெறும். இவ்வகையில் நோக்கினால், அதே கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை நிகழ்த்திய முதலிரு கட்ட அகழாய்வின் அறிக்கை 2023 சனவரியில் அளிக்கப்பட்டு, 2025 மே மாதத்தில் திருத்தம் வேண்டித் திருப்பப்பட்டது எத்துணைக் கருதத்தக்கது என்பது விளங்கும். அறிக்கையின் கருத்தில் ஐயமுடையோர் இருக்கலாம். அவ்வையத்தைத் தீர்க்கும் வழி, தரவை வெளியிட்டு அனைவரும் காணச் செய்தலேயாகும். வெளிவராத அறிக்கை ஆதரிப்போர்க்கும் பயன்படுவதில்லை, மறுப்போர்க்கும் பயன்படுவதில்லை.

5. மதிப்பிடும் முறை: ஓர் எடுத்துக்காட்டு

ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். 'பினாங்கு மாநிலத் தோட்டத் தமிழ்ச் சொற்களை இளையோர் இழந்து வருகின்றனர்' என்பது அதன் தலைப்பு. முதியோர் 20 பேரிடமும் மாணவர் 20 பேரிடமும் பெரட்டு, மங்கு, காண்டா வாளி, கிராணி, தவுக்கே போன்ற சொற்களைக் கேட்டு, மாணவருள் 70 விழுக்காட்டினர் அவற்றை அறியார் என்று அது முடிவு கூறுகின்றது. எண்கள் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவையே. இதனைப் படிக்கும் ஆசிரியர் எழுப்ப வேண்டிய வினாக்கள் வருமாறு.

முதல் வினா: எவரைக் கேட்டனர்? தோட்டம் மறைந்து வீடமைப்புப் பகுதியான இடத்தில் பிறந்த மாணவரும், பெற்றோர் இன்றும் பால்மரக் காட்டில் வேலை செய்யும் மாணவரும் ஒரே வகையினர் அல்லர். மாணவர் எவ்வூரினர், எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டனர் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் வினா: என்ன கேட்டனர்? 'பெரட்டு என்றால் என்ன?' என்று கேட்பது ஒன்று. 'தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பதை எப்படிச் சொல்வார்கள்?' என்று கேட்பது மற்றொன்று. முன்னது சொல்லைக் கேட்டுப் பொருளை உணரும் திறனை அளக்கின்றது. பின்னது பொருளிலிருந்து சொல்லை எடுக்கும் திறனை அளக்கின்றது. பின்னது கடினமானது. வினாப்பட்டியல் இணைப்பாகத் தரப்படாவிடில், 70 விழுக்காடு என்பது எதன் அளவு என்றே நமக்குத் தெரியாது.

மூன்றாம் வினா: விடைகளை எவ்வாறு வகைப்படுத்தினர்? ஒரு மாணவர் 'மங்கு என்றால் கிண்ணம்' என்கின்றார் எனக் கொள்வோம். ரப்பர்ப் பால் வடியும் கோப்பை என்பதே தோட்ட வழக்கு என்று கொண்டால் அவ்விடை தவறு. கிண்ணம் என்ற பொதுப்பொருளை ஏற்றால் சரி. இத்தகைய முடிவு ஒவ்வொன்றும் விழுக்காட்டை ஏற்றும், இறக்கும். வகைப்படுத்திய விதியையும், ஒருவரே வகைப்படுத்தினாரா, இருவர் தனித்தனியே செய்து ஒப்பிட்டனரா என்பதையும் கட்டுரை கூற வேண்டும்.

நான்காம் வினா: எவற்றை விட்டனர்? 40 சொற்களைக் கேட்டுவிட்டு 25 சொற்களின் முடிவை மட்டும் எழுதியிருந்தால், மற்றப் பதினைந்தும் ஏன் விடப்பட்டன? முடிவைப் பார்த்த பின் விடப்பட்டனவா, முன்பேயா? இங்கேதான் முன்பதிவின் பயன் விளங்குகின்றது. தரவு திரட்டுமுன் 'இந்த 40 சொற்கள், இவ்விதி, இக்கருதுகோள்' என்று எழுதி நாள் குறித்து ஓரிடத்தில் பதிந்துவிட்டால், பின்னர்ச் செய்த மாற்றம் மாற்றமாகவே தெரியும். மாற்றுவது குற்றமன்று, மாற்றியதை மறைப்பதே குறை.

ஐந்தாம் வினா: மூலத் தரவு எங்கே உள்ளது? ஆசிரியரின் மேசைக் கணினியிலா, நிலையான தரவுக் களஞ்சியத்திலா? களஞ்சியம் எனின், கட்டுரையில் தந்துள்ள முகவரி இன்று திறக்கின்றதா? திறந்தால் அட்டவணைத் தலைப்புகளுக்கு விளக்கம் உள்ளதா? விளக்கமில்லாத அட்டவணை, திறவுகோல் இல்லாத பெட்டியைப் போன்றது. 'தரவு உள்ளது' என்ற அறிவிப்பைக் கண்டு அமையாமல், திறந்து பார்த்த பின்னரே மதிப்பிட வேண்டும்.

ஆறாம் வினா: யார் பொருளுதவி செய்தனர்; யாருக்கு இம்முடிவால் நலன்? ஒரு பாடநூல் நிறுவனத்தின் உதவியால் நடந்த ஆய்வு அந்நிறுவனத்தின் நூலைப் புகழ்ந்தால், அது பொய்யாகிவிடாது. ஆயினும் படிப்பவர் அவ்வுறவை அறிந்து படிக்க வேண்டும்.

ஏழாம் வினா: முடிவின் அளவு தரவின் அளவிற்கு ஒத்துள்ளதா? நாற்பது பேரைக் கேட்டு 'மலேசியத் தமிழிளைஞர்' என்று எழுதுவது, கைப்பிடி நெல்லைக் கண்டு களஞ்சியத்தை அளப்பதாகும்.

இவ்வேழனுள் ஒவ்வொன்றிற்கும் 'உண்டு', 'இல்லை', 'பொருந்தாது' என்று குறித்து வரலாம். 'பொருந்தாது' என்ற குறிப்பு இன்றியமையாதது. தொல்காப்பிய நூற்பா ஒன்றிற்கு உரை விளக்கம் எழுதும் கட்டுரைக்கு முன்பதிவு தேவையில்லை. ஆனால் எப்பதிப்பைப் பயன்படுத்தினர், மாற்று உரைகளைக் காட்டினரா என்பன அங்கும் பொருந்தும். எல்லா ஆய்வையும் ஒரே அளவுகோலால் அளந்து மதிப்பெண் கூட்டுவது நெறியன்று.

6. எல்லைகளும் எச்சரிக்கைகளும்

வெளிப்படைத்தன்மை உண்மைக்கு ஈடாகாது. தரவு முழுவதையும் திறந்து வைத்த ஆய்வும் பிழைபடலாம். தரவைத் தராத ஆய்வும் மெய்யாகலாம். வேறுபாடு யாதெனில், முன்னதன் பிழையைக் கண்டறிய முடியும். பின்னதன் மெய்மையை நிறுவ முடியாது. ஆகவே மதிப்பீட்டுப் பட்டியலில் நிறைந்த மதிப்பெண் பெற்ற கட்டுரையை அப்படியே ஏற்றுக்கொள்வதும், குறைந்த மதிப்பெண் பெற்றதை உடனே தள்ளுவதும் ஒருங்கே தவறு. பட்டியல் தொடக்கமே, படிப்பு அதற்குப் பின்னரே தொடங்குகின்றது.

இனி, எல்லாவற்றையும் திறந்துவிடவும் கூடாது. மொழித் தரவு பெரும்பாலும் மனிதர் குரல். ஒரு முதியவர் தம் தோட்ட வாழ்வைச் சொல்லும்போது, கிராணியோடு நேர்ந்த பூசலையும் குடும்பத் துயரையும் சேர்த்தே சொல்வார். அவர் 'பழைய சொல்லைப் பதிந்துகொள்' என்றுதான் இசைந்தாரேயன்றி, உலகம் முழுதும் கேட்பதற்கு இசைந்தாரல்லர். பள்ளி மாணவர் எழுதிய கட்டுரைகளைப் பிழையாய்வுக்குத் திரட்டும்போதும் இதே கவலை எழுகின்றது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளை முன்னிட்டு இயற்றப்பட்டதே எனினும், இசைவின்றி ஒருவர் செய்தியைப் பயன்படுத்தலாகாது என்னும் அதன் அடிப்படை ஆய்வாளர்க்கும் பொருந்துவது. பெயரையும் முகவரியையும் நீக்கினால் போதும் என்று எண்ணுவர். சிறிய ஊரில் குரலே பெயர். 'இன்ன தோட்டத்தின் பழைய தண்டல்' என்ற குறிப்பே முகவரி.

இதற்குரிய வழி, திறப்பது அல்லது மூடுவது என்ற இரண்டில் அடங்குவதன்று. சொற்பட்டியலையும் வகைப்படுத்திய அட்டவணையையும் அனைவர்க்கும் திறக்கலாம்; எழுத்துப்படியைப் பெயர் நீக்கித் தரலாம்; ஒலிப்பதிவை விண்ணப்பித்துப் பெறும் ஆய்வாளர்க்கு மட்டும் தரலாம்; தனிப்பட்ட பகுதிகளைப் பூட்டி வைக்கலாம். எது திறந்தது, எது மூடியது, மூடியது எதனால் என்பதைக் கட்டுரையில் எழுதிவிட்டால், அதுவும் வெளிப்படைத்தன்மையே.

7. நம்மால் இயல்வன

யுனெஸ்கோ 2021 நவம்பரில் திறந்த அறிவியல் பற்றிய பரிந்துரையை ஏற்றது. மலேசியாவில் 2019இல் மலேசிய அறிவியல் கழகத்தின் பொறுப்பில் திறந்த அறிவியல் தளத்திற்கான திட்டம் தொடங்கப்பெற்றது; பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளிட்ட ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் அதில் இணைந்தன. இவை பெரிய ஏற்பாடுகள். இவற்றிற்குக் காத்திராமல் நாமே செய்யத்தக்க சிறியன பல உள்ளன.

ஆய்வேடு எழுதும் மாணவர், வினாப்பட்டியலையும் வகைப்படுத்திய விதிகளையும் பின்னிணைப்பாகத் தருதல் வேண்டும். இதற்குச் செலவு சில பக்கங்களே. தரவு அட்டவணையைப் பெயர் நீக்கி, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒருவரி விளக்கம் எழுதி, பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சேர்த்தல் வேண்டும். பேசுவோரிடம் இசைவு பெறும்போதே, 'இதனை யார் யார் கேட்கலாம்?' என்று படிப்படியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர்ச் சென்று கேட்க, அவர் இல்லாமற்போகலாம்.

ஆசிரியர்கள், செயலாய்வு நடத்தும்போது எதிர்பார்த்தது நடவாத ஆய்வையும் எழுதி வைத்தல் வேண்டும். ஒரு கற்பித்தல் முறை ஒரு பள்ளியில் பயன் தரவில்லை என்ற செய்தி, அடுத்த பள்ளியின் ஓராண்டு உழைப்பைக் காக்கும். மாணவர்க்கு மதிப்பெண் இடும்போது, முடிவின் கவர்ச்சிக்கு இடுவதோடு, சான்றைக் காட்டிய நேர்மைக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம். உயர்நிலை மாணவர்க்கு நாளிதழில் வந்த ஓர் ஆய்வுச் செய்தியைத் தந்து, மூலக் கட்டுரையைத் தேடிப் படித்து, மேற்கூறிய ஏழு வினாக்களுக்கு விடை எழுதச் செய்வது ஒரு பாடவேளையில் முடியும் பயிற்சி. செபராங் ஜெயாவிலேயே மாநிலப் பொது நூலகம் இருப்பதால், அத்தகைய தேடலுக்கு இடமும் துணையும் அருகிலேயே உள்ளன.

8. முடிவுரை

தமிழின் தொன்மையையும் பரப்பையும் பற்றிய செய்திகள் நம் கைப்பேசிகளில் நாள்தோறும் வருகின்றன. அவற்றுள் மெய்யும் உண்டு, மிகையும் உண்டு. சான்று கேட்காமல் அனைத்தையும் ஏற்போமாயின், ஒரு மிகை வெளிப்படும் நாளில், அதனோடு சேர்த்து மெய்யையும் பிறர் தள்ளிவிடுவர். அவ்விழப்பு நம்முடையது. சான்று கேட்பது மொழிப்பற்றுக்கு மாறானது என்று சிலர் கருதுகின்றனர். சான்றோடு நிற்கும் பெருமையை எவராலும் அசைக்க முடியாது என்பதனால், பற்றுடையாரே முதலில் சான்று கேட்டல் வேண்டும்.

மலேசியத் தோட்டத் தமிழைப் பொறுத்தவரை இது காலத்தோடு கூடிய கடமையும் ஆகும். பெரட்டுக் களத்தை நேரில் கண்டவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகின்றது. அவர்களிடம் திரட்டிய பதிவுகள் தனியார் அலமாரியில் தங்கிவிட்டால், முடிவுரைகள் மட்டுமே அச்சில் எஞ்சும். அம்முடிவுரைகளை ஐயுறும் நாளில் மீண்டும் சென்று கேட்க ஆள் இரார். ஆகவே இன்று ஆய்வு செய்பவர் ஒவ்வொருவரும், தம் முடிவோடு தம் தரவையும், தம் தரவோடு அதனைத் திரட்டிய வழியையும், நாளை வருபவர் கையில் கொடுத்துச் செல்லுதல் வேண்டும்.